ஒரே இழுப்பில் இரண்டு அழுத்தம்

கொலொஷ்வார்,
ஜனவரி 11, 1988, திங்கள் இரவு

தேனெஷ் அண்ணா,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. காலில் விழுந்து கேட்கிறேன். அம்மாவிடம் வேண்டாம், பெரியப்பா மகன் லாட்சியிடம் வேண்டாம், அப்பாவிடம் வேண்டவே வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. கெஞ்சுவது இதோடு முடிந்தது. இனி எழுதப்போவதெல்லாம் திட்டுதான்.

இன்று காலை எத்தெல்கா டீச்சர் என்னை வகுப்பிலிருந்து வெளியே கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். 'குடும்பத்தில் உதவி தேவைப்படுவதால் என் மகள் யோலானை இசைப் பள்ளியிலிருந்து விடுவிக்க வேண்டுகிறேன்.' கீழே அப்பாவின் கையெழுத்து. அழகான கையெழுத்து. முதல் எழுத்துக்கு ஒரு சுருள்கூட இருந்தது.

"இது உங்கப்பா போட்டதுதானா?" என்று கேட்டார்.

நவம்பரில் மர அறுப்பு மில்லில் அப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. கிறிஸ்துமஸ் அன்று இடது கையில் கரண்டியைப் பிடித்து சூப்பைத் தாடியெல்லாம் ஊற்றிக்கொண்டார். நீயும் நானும் பார்க்காதது போல ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கை சுருள் போடுமா?

நான் "ஆமா டீச்சர்" என்றேன்.

அரசாங்கப் பள்ளிக்குப் பொய்க் கையெழுத்து அனுப்பியவனை என்ன செய்வார்கள் என்று உனக்கும் தெரியும். நான் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்ற தைரியத்தில்தானே போட்டாய்? அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

டீச்சர் தாளை மடித்தார். "நீ போகணும்னு ஆசைப்படுறியா?"

"இல்ல டீச்சர்."

"அப்ப முப்பதாம் தேதி பரீட்சையில அந்தப் புது வில்லோட தேறிக் காட்டு. தேறினா இந்தப் பொண்ணு எனக்கு வேணும்னு பள்ளி டைரக்டர்கிட்ட நான் பேசுறேன். தேறலன்னா உன் பெட்டிய நானே கட்டிக் குடுப்பேன்."

புது வில் விஷயம் உனக்குத் தெரியாது. விடுமுறை முடிந்து வந்த அன்று அப்பா கொடுத்த வில்லைத்தான் வகுப்புக்கு எடுத்துப் போனேன். வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் பிசினை மெழுகுவர்த்தியில் உருக்கி, நம் வீட்டில் செய்வது போலவே, வயோலாவின் மேலேயே ஒரு கட்டியாக ஒட்டிவைத்தேன். நம் ஊரில் எந்த வாத்தியத்தில் அது இல்லை? டீச்சர் செத்த எலியைப் பார்த்தது போல நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்னடி இது? யாரு துப்பினது இதுமேல?"

"ரோசின் டீச்சர். வாசிச்சுக்கிட்டே வில்ல இதுல ஒரு தேய் தேய்ச்சுக்கலாம். எங்கப்பா அப்படித்தான்..."

"உங்கப்பா கல்யாணத்துல வாசிக்கிறாரு. இது கல்யாண வீடா? இது பள்ளிக்கூடத்து வயோலா!" பிறகு வில்லை வாங்கி எடை பார்த்தார். "இது வில்லா, நாய் அடிக்கிற தடியா?" அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு ஒரு புது வில்லைக் கொடுத்தார்.

அண்ணா, அது கையில் இருப்பதே தெரியவில்லை. அப்பாவின் வில்லை முஷ்டியில் பிடித்து, கட்டைவிரலால் வில்லின் குதிரை மயிரை இறுக்கி, ஒரே இழுப்பில் இரண்டு முறை அழுத்தினால் ஆடுகிறவர்களின் கால் தானாகத் தூக்கும். ஆறு வருடமாக என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பரீட்சைப் பாடம் மெதுவானது. ஒரு சுரத்தை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி இழுக்க வேண்டும். பாதி வில் போனதும் என் கை தானாக இன்னொரு அழுத்து கொடுத்துவிடுகிறது. உடனே வில் துள்ளுகிறது, தந்தி கத்துகிறது. பின்வரிசையிலிருந்து இல்தி, "கல்யாணம் ஆரம்பிச்சாச்சு! யாராச்சும் அந்த ஜிப்சிக்கு ஊத்திக் குடுங்கடி!" என்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். டீச்சர்கூடச் சிரித்தார்.

இதில் தேறினால்தான் நான் இங்கே இருக்க முடியும். உன்னால்.

அந்தத் தாளைத் திரும்ப வாங்கு. எப்படி வாங்குவாயோ தெரியாது. விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். வார்டன் பிளோரிகா அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்கிறது.

யோலான்


பெரெக்,
ஜனவரி 15

யோலி,

அடுப்பில் போட்டுவிட்டேன். போடுமுன் நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் கோபம்தான் வந்தது.

ஆமாம், நான்தான் போட்டேன். அப்பாவுக்குத் தெரியாது. நீ சொல்லவும் கூடாது.

திட்டுவதற்கு முன்னால் இங்கே என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? என் பிடிலுக்குப் பின்னால், தாளம் பிடிக்கும் கொந்த்ரா வயோலாவோடு அப்பா உட்கார்ந்த இடத்தில் இப்போது லாட்சி உட்கார்கிறான். வாசிக்கிறான் என்று சொல்ல மாட்டேன், விறகு வெட்டுகிறான். போன சனிக்கிழமை கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமா நடு ஆட்டத்தில் என்னிடம் வந்து, எல்லார் காதிலும் விழ, "டேய் தேனெஷ், உன் பின்னாடி உக்காந்திருக்கிறவன் கொந்த்ரா வாசிக்கிறானா, மூக்கு சிந்துறானா?" என்று கேட்டார். நான் பல்லைக் காட்டிச் சிரித்தேன். வேறென்ன செய்ய? முதல் பிடில் எவ்வளவு பறந்தாலும் கீழே கொந்த்ரா இல்லாவிட்டால் ஆடுகிறவன் காலை எங்கே வைப்பான்?

தவக்காலம் வந்து கல்யாணங்கள் நிற்பதற்குள் நான்கு கல்யாணம் இருக்கிறது. கீழூர்க்காரர்கள் இரண்டு கொந்த்ராவோடு காத்திருக்கிறார்கள். ஒருமுறை அவர்கள் நம் தெருவுக்குள் வந்துவிட்டால் பிறகு நம்மை எவனும் கூப்பிடமாட்டான். நாங்கள் ஒத்திகை பார்க்கும்போது அப்பா எழுந்து கொட்டகைக்குப் போய்விடுகிறார். பனியில், சட்டையோடு. லாட்சியைக் கேட்க முடியாமல்தான். எனக்கும் கொட்டகைக்குப் போகத்தான் தோன்றுகிறது, ஆனால் நான் வாசிக்க வேண்டுமே.

எந்தப் பாட்டுக்கு எந்த இடத்தில் தந்தி மாற வேண்டும் என்று உனக்கு அத்துப்படி. வந்து பின்னால் உட்கார். தலையில் முக்காடு போட்டுக்கொண்டால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. நம் வீட்டுக்கு நம் வீட்டுப் பிள்ளை உதவாமல் பல்குத்தும் குச்சியை வைத்துக்கொண்டு ஒரு சுரத்தை ஒரு மணிநேரம் இழுத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

அப்பாவின் வில்லை ஒரு பொம்பளை பூட்டி வைக்க, நீ பார்த்துக்கொண்டு நின்றாயாமே! கிறிஸ்துமஸ் அன்று அதை அவர் உனக்குக் கொடுத்தபோதே வேண்டாம் என்றேன். யார் கேட்டார்கள்?

தேனெஷ்


கொலொஷ்வார்,
ஜனவரி 19, செவ்வாய் இரவு

அண்ணா,

இதையும் அடுப்பில் போடு. ஆனால் நிதானமாகப் படித்துவிட்டுப் போடு.

பின்னால் உட்காரச் சொல்கிறாய். முக்காடு போடச் சொல்கிறாய். போதிஸ் வீட்டுக் கல்யாணம் உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார், அவருக்குப் பதில் லாட்சி வந்தான். சாப்பாட்டுக்கு முன்பே பிளம்ஸ் சாராயம் தலைக்கேறி மாவு மூட்டைமேல் சரிந்துவிட்டான். நீ வெளியே தனியாக வாசித்துக்கொண்டிருந்தாய். உன் பிடில் தவிப்பது அடுப்படிவரை கேட்டது. நான் லாட்சியின் கையிலிருந்து கொந்த்ராவை உருவி, அடுப்படித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தேன். விடியும்வரை. ஒரு ஆட்டக்காரன் கால் தடுக்கவில்லை.

விடிந்ததும் நீ என்ன செய்தாய்? கிணற்றடிக்கு இழுத்துப் போய்க் கையை முறுக்கினாய். "ஒரு பொட்டப் புள்ள உக்காந்து வாசிச்சான்னு தெரிஞ்சா நாளைக்கு நம்மள எவன்டி கூப்பிடுவான்?" என்றாய். பிறகு உள்ளே போய் எல்லாரிடமும் லாட்சிதான் வாசித்தான் என்றாய். அவன் முதுகில் எல்லாரும் தட்டினார்கள். போதிஸ் வீட்டுக்காரர் அவனுக்குத் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து லாட்சி தனக்குக் கொந்த்ரா வரும் என்று நம்பினான். ஊரும் நம்பியது. அவனுக்கு மூக்கு சிந்தத்தான் தெரியும் என்று தெரிந்த ஒரே ஆள் நீ, ஆனால் நான்கு வருடம் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவன் விறகு வெட்டுகிறான் என்று என்னிடம் வந்து அழுகிறாயா? நீ செய்த கொந்த்ராக்காரன்தானே அவன். வைத்துக்கொள்.

நான் தினமும் காலை ஐந்தரைக்குத் துணி துவைக்கும் அறையில் சாதகம் செய்கிறேன். வேறு அறைக்குச் சாவி தரமாட்டார்கள். தொட்டித் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. டீச்சர் என் மணிக்கட்டில் ஒரு அழிரப்பரை வைத்து, அது விழாமல் வில்லை இழுக்கச் சொன்னார். விழுகிறது. பாதி வில் வரும்போது ஒவ்வொரு முறையும் விழுகிறது. கட்டைவிரலை மடக்கி உள்ளே வைக்க வேண்டுமாம். அது என்னை அறியாமல் வெளியே வந்து மயிரைத் தேடுகிறது. நகக்கண்ணில் ரத்தம் கட்டிவிட்டது. நேற்று ஆத்திரத்தில் வில்லை ஓங்கிச் சுவரில் அடிக்கப் போனேன். உடைந்தால் நீ ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று கையை இறக்கினேன்.

டீச்சர் இன்று மறுபடியும் கேட்டார். "உங்கப்பாவுக்கு ஒரு கடிதம் போட்டுக் கேக்கட்டுமா?" "வேணாம் டீச்சர், அவருக்குக் கண்ணு சரியில்ல" என்றேன். உனக்காக நான் சொன்ன இரண்டாவது பொய் இது.

யோலான்


பெரெக்,
ஜனவரி 24, ஞாயிறு

யோலி,

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது ஆட்டத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். நடுவில். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பையன்கள் கையைத் தொங்கப்போட்டு நின்று எங்களைப் பார்த்தார்கள். லாட்சி மட்டும் அது தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டிருந்தான். மணப்பெண்ணின் அப்பா வந்து, "கொஞ்சம் சாப்பிடுங்கப்பா" என்றார். அப்போதுதான் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை மேல்தெரு மார்த்தோன் வீட்டுக் கல்யாணம். நம்மைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், இன்னும் மாற்றவில்லை. அதையும் விட்டால் அடுத்த வாரத்திலிருந்து நான் மில்லுக்குப் போக வேண்டியதுதான், அப்பாவின் விரலைத் தின்ற அதே மில்லுக்கு. வெள்ளிக்கிழமை இரவு விறகு லாரியில் வருகிறேன். பெட்டியைக் கட்டி வை. பரீட்சை கிரீட்சை என்று என்னிடம் பேசாதே. அப்பாவால் முடியாதபோது வீட்டுக்கு நான்தான் பெரியவன்.

போதிஸ் வீட்டு விஷயத்தை எழுதியிருந்தாய். எனக்கு அப்போது பதினெட்டு வயது, பயம். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்று. ஒரு மெல்லிய வில்லைப் பிடிக்கத் தெரியாமல் நகத்தை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை? பதினாறு வயதில் கொந்த்ராவை விட்டு முதல் பிடிலுக்கு வந்தபோது நானும் இப்படித்தான் கிடந்தேன். அதை முஷ்டியில் பிடிக்க முடியாது, முட்டாளே. கையை அதன்மேல் தொங்கவிடு. சுண்டுவிரல் மேலே உட்கார்ந்தால்தான் எடை சமமாகும். கொந்த்ராவில் அந்த விரலுக்கு வேலையே கிடையாது, அதனால் உன்னுடையது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். கட்டைவிரலோடு சண்டை போடாதே. சுண்டுவிரலை எழுப்பு, கட்டைவிரல் தானாக அடங்கும். கல்யாணம் முடிந்து விடியும்போது நான் வாசிக்கும் மெதுவான பாட்டு இருக்கிறதே, அதை வாசித்துப் பார். உன் பக்கத்தை அல்ல, என் பக்கத்தை. அதில் எங்கே அழுத்துவாய்? அழுத்த இடமே கிடையாது.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தாளைக் கிழிக்கலாம் என்றால் வேறு தாள் இல்லை.

வெள்ளிக்கிழமை வருவேன்.

தேனெஷ்


கொலொஷ்வார்,
ஜனவரி 29, வெள்ளி இரவு

அண்ணா,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. நீ வந்ததும் என்னைக் கூப்பிட வார்டன் என் அறைக்கு வருவார், அப்போது கதவுக்கு அடியில் தள்ளுவேன். அவரிடமிருந்து வாங்கிப் படி. வேறு யாரும் படிக்கவிடாதே. உன்னிடம் நேரில் பேச எனக்குத் தைரியம் இல்லை. உன் முகத்தைப் பார்த்தால், நேற்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவேன். அது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னது சரியாக வந்தது. புதன்கிழமை காலை துவைக்கும் அறையில் அந்த விடியல் பாட்டை வாசித்தேன், உன் பக்கத்தை. சுண்டுவிரலை மேலே வைத்தேன். முதலில் வில் தந்தியைவிட்டு நழுவிப் தந்திகளைத் தாங்கும் பாலத்தின் பக்கம் போனது. விட்டுவிட்டேன், பிடிக்கவில்லை. நான்காவது தடவை ஒரு சுரம் முழுதாக வந்தது. அடியிலிருந்து நுனிவரை. அழிரப்பர் விழவில்லை. பிறகு எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எத்தனை கல்யாணத்தில், எத்தனை விடியலில், அடுப்படியில் நின்று அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன்! அது என் கைக்கு வராது என்று யார் எனக்குச் சொன்னது? நீ சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. சொல்லாமலே நம்பியிருக்கிறேன்.

வியாழக்கிழமை டீச்சர் முன்னால் பரீட்சைப் பாடத்தை வாசித்தேன். இல்தி ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாருடி சொல்லிக் குடுத்தா?" என்றார். "யாருமில்ல டீச்சர்" என்றேன். மூன்று பொய் ஆகிவிட்டது.

அப்பாவின் வில்லைக் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். "எடுத்துட்டுப் போ. நாளைக்கு அது என் கண்ணுல படக் கூடாது." இப்போது அது என் கட்டிலுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றி இருக்கிறது.

இனி நான் சொல்வதைக் கேள். பரீட்சை நாளை காலை ஒன்பது மணிக்கு. மூன்றாவது பெயர் என்னுடையது. பத்து மணிக்குள் முடிந்துவிடும். அதுவரை நீ காத்திருக்க வேண்டும். பெண்ணழைப்புக்கு லாட்சி போதும். அது நடைதான், ஆட்டம் இல்லை, அவன் நடையைக் கெடுக்க முடியாது. அவனுக்கு ஆள் சொல்லி அனுப்பு. மாலை ஆட்டத்துக்கு நான் வந்து வாசிக்கிறேன். மார்த்தோன் வீட்டில் ஒருத்தன் கால்கூடத் தடுக்காது. அப்பா மில்லுக்குப் போன மாதிரி நீ போவதை நானும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனால் திரைக்குப் பின்னால் அல்ல. உன் பக்கத்தில், முன்னால். முக்காடு கிடையாது. முதல் பாட்டுக்கு முன்னால் நீ எழுந்து நின்று சொல்ல வேண்டும்: "கொந்த்ரா வாசிக்கிறது என் தங்கச்சி யோலான்." போதிஸ் வீட்டிலும் அவள்தான் வாசித்தாள் என்றும் சொல்ல வேண்டும். லாட்சி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை மணி அடிப்பதற்குள் என்னை இங்கே கொண்டுவந்து விட வேண்டும். தவக்காலம்வரை சனிக்கிழமைகளில் மட்டும் வருகிறேன்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. நாளை நான் பரீட்சை அறைக்குள் இருக்கும்போது நீ டைரக்டர் அறைக்குப் போ. "அந்தத் தாளை எழுதியது நான், கையெழுத்து என்னுடையது, அப்பாவுக்குத் தெரியாது" என்று சொல். திரும்ப வாங்கிக் கிழி. எத்தெல்கா டீச்சர் கத்துவார். அதோடு நிற்கலாம், நிற்காமலும் போகலாம், எனக்குத் தெரியாது. நான் சொல்லப்போவதில்லை. எத்தனை முறை கேட்டாலும் அப்பா போட்டது என்றுதான் சொல்வேன், அதைப்பற்றிக் கவலைப்படாதே. நீயாகச் சொல்ல வேண்டும். உன் கையெழுத்துக்காக நான் பத்தொன்பது நாள் பயந்து செத்திருக்கிறேன். நீ ஒரு காலை பயப்படு.

முடியாது என்றால் இப்போதே லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விடு. நான் பரீட்சையில் தோற்றாலும் அந்தத் தாளுக்காக வரமாட்டேன். தோற்றதற்காக வருவேன், அது வேறு.

முற்றத்தில் லாரிச் சத்தம் கேட்கிறது. விளக்கு வெளிச்சம் கூரையில் ஓடுகிறது. இல்தி எழுந்து உட்கார்ந்து, "யாருடி அது?" என்கிறாள். பிளோரிகா அம்மா படியேறி வருகிறார், கூட இன்னொரு காலடிச் சத்தம், பூட்ஸ். அண்ணா, நீ மேலேயே வந்துவிட்டாயா? மேலே விடமாட்டார்களே. அப்பாவிடம் மட்டும் நீ ஒன்று சொல்ல வேண்டும், நான் வராமல் போனால், அவர் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போது போய், யோலான் உங்கள் வில்லை விட்டுவிடவில்லை என்று.

கதவைத் தட்டுகிறார்கள்.